வந்ததற்கு அடிக்கக் கூடாது

லகாட் ஊரிலிருந்த கணவன் வீட்டை விட்டுவிட்டு, ஒரே ஒரு துணிப்பையோடு சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு நான் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. லயத்து வீடுகளில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "எப்ப திரும்பிப் போற?" போவதாக இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரமே தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் பேசி எனக்குப் பால்வெட்டு வேலை வாங்கிக் கொடுத்தார். கிடைத்தது தோட்டத்தின் கடைக்கோடி மரங்கள். அதற்கு அப்பால் காடு.

அங்கேதான் ஒரு நாய் என்னோடு ஒட்டிக்கொண்டது. செம்பட்டை நிறப் பெட்டை, ஒரு காது மடிந்திருக்கும். காட்டுப்பன்றி வந்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே பன்றியின் பின்னால் ஓடியும் போய்விடும். கூப்பிட்டால் வராது.

ஒரு நாள் குரங்குக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனது. தொண்டை கிழியக் கத்தினேன். வெட்டை விட்டுவிட்டுத் தேடினேன். திரும்பி வந்து பார்த்தால் மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் பால் பாதி உறைந்து கிடந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கி முடிக்கும் நேரத்தில் நாய் சேறும் சகதியுமாக, வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. ஒரு குச்சியை ஒடித்து நாலு போடு போட்டேன்.

அடுத்த நாள் கூப்பிட்டபோது பத்து முழம் தள்ளி நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். லகாட்டில் கூடத்திலிருந்து கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது நானும் அப்படித்தான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு வருவேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அந்த நாயின் மேல் நான் கை ஓங்கியதில்லை.

அந்த மாதம்தான் காலைப் பெரட்டில், ஆள் கூப்பிட்டு முடிந்ததும், கிராணி அறிவித்தார்: தன் வீட்டு ஆடுகளை நாய்கள் விரட்டுகின்றன, துரை கோபமாக இருக்கிறார், அடுத்த மாதம் பட்டணத்திலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வருவார்கள், கட்டாத நாயெல்லாம் சுடப்படும்.

"என் நாயக் கட்ட முடியாது" என்றேன். "என்னோட வேலைக்கு வருது. பன்னி வந்தா நீங்களா வருவீங்க?"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. கிராணிக்குக் காது சிவந்தது.

"கூப்பிட்டா வராத நாய் தெருநாய்தான்லா."

"வரும். வர வைக்கிறேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நானே பிடிச்சுக் கொடுக்கிறேன்."

 சொன்னது சொன்னதுதான்.

எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று: வருவது அதற்கு நல்லதாக இருக்க வேண்டும். குரல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் குரலில் கோபம் இருந்தால் அது கண்டுபிடித்துவிடும். பழைய மங்கு ஒன்றை எடுத்து, வெட்டுக் கத்தியின் பிடியால் இரண்டு தட்டு. தட்டியதும் ஒரு நெத்திலிக் கருவாடு. முதலில் அடுப்படியில், கைக்கெட்டும் தூரத்தில். பிறகு வாசலில். பிறகு துணி காயப்போடும் நீளக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, திடலில். தட்டினால் வரும், கருவாடு வாங்கும். உடனே "போ" என்று மறுபடி விட்டுவிடுவேன். இதுதான் முக்கியம் என்று போகப்போகத்தான் புரிந்தது. வந்ததும் பிடித்துக் கட்டினால், வருவதென்பது விளையாட்டு முடிவதாகிவிடும். குளிப்பாட்ட வேண்டுமானால் நானே நடந்து போய்த் தூக்கி வருவேன். அதற்காக ஒருநாளும் தட்டியதில்லை.

"புருசங்கூட வாழத் தெரியல, நாய்க்குப் பள்ளிக்கூடம் நடத்துறா" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"ஆமாக்கா. உங்க வீட்டு ஆம்பளையையும் அனுப்புங்க, கள்ளுக்கடையிலேர்ந்து கூப்பிட்டா வர்ற மாதிரி பழக்கித் தர்றேன்" என்றேன். அதன்பிறகு குழாயடியில் எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

மூன்றாம் வாரம் கயிற்றை அவிழ்த்தேன். முதல் நாளே குரங்கைக் கண்டு ஓடிவிட்டது. தட்டவில்லை. வராது என்று தெரியும்போது தட்டினால் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அது தானாக வந்தபோது, உள்ளே கொதித்தாலும், கருவாடு கொடுத்தேன். மறுநாள் மறுபடி கயிறு. இப்படியே முன்னும் பின்னுமாக அந்த மாதம் ஓடியது.

துப்பாக்கி ஆட்கள் இரண்டு பேர் ஒரு காலையில் வந்தார்கள். திடலில் பாதித் தோட்டமும் கூடியிருந்தது. கட்டாமல் நின்றது என் நாய் ஒன்றுதான். கிராணி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேண்டுமென்றேதான், திடலை ஒட்டியிருந்த தன் ஆட்டுப் பட்டியைத் திறந்துவிட்டார்.

ஆடுகள் சிதறின. நாய் பாய்ந்தது. துப்பாக்கி உயர்ந்ததைப் பார்த்தேன். அவசரத்தில் கத்திப்பிடி மங்கின் விளிம்பில் பட்டு வழுக்கியது. இரண்டாம் முறை சரியாக விழுந்தது. டக், டக்.

ஓட்டத்தின் நடுவில் அதன் பின்னங்கால்கள் மண்ணில் சறுக்கின. ஒரு நொடி ஆட்டைப் பார்த்தது. பிறகு திரும்பி, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்து உட்கார்ந்தது. கருவாட்டைக் கொடுத்தேன். எல்லோரும் பார்க்க, "போ" என்றேன்.

"ஏம்மா, மறுபடியும் விடுறியா?" கிராணி கத்தினார்.

"விட்டாத்தான் அடுத்த தடவையும் வரும்."

துப்பாக்கிக்காரர்களில் மூத்தவர் சிரித்துவிட்டார். "இது வேண்டாம்லா" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு லாரிப் பக்கம் நடந்தார்.

இரண்டு மாதம் கழித்து, பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு என் கணவர் வந்தார். "கூப்பிட வந்திருக்கோம், மரியாதையா வா" என்றார். வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"மூணு வருசம் கூப்பிட்டப்பல்லாம் வந்தேன். வந்தப்பல்லாம் அடிச்சீங்க. இனி வர மாட்டேன்."

பெரியவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "சொல்லிட்டாள்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். குடிக்காமலே போனார்கள்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு வந்தபோது நான் ஈப்போவுக்குப் போய்த் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாயையும் கூட்டிப் போனேன்; அங்கே ஆறு வருடம் வாழ்ந்து, ஒரு மழைநாளில் என் மடியில் செத்தது. பக்கத்து வீட்டுச் சீன அக்கா அதற்குள் தன் நாயையும் பழக்கித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். சரி என்றேன். முதல் பாடமாக, அவர் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த பிரம்பை வாங்கி இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டேன். அவருக்குக் கோபம்தான். ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் நாயோடு வந்து நின்றார்.