டிங்கரின் நெஞ்சுக்கூடு

நசுங்கிய காரை, அடிபட்ட சுவடே தெரியாமல் ஆக்கித் தருவதில் டிங்கரை மிஞ்ச ஆளில்லை. தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் இடித்தவனுக்கே இடித்த இடம் தெரியாது.

அவர் நெஞ்சிலேயே கட்டி வந்தது. அதோடு மூன்று விலா எலும்புகளையும் எடுத்தார்கள். அந்த ஓட்டையில், இரண்டு வலைகளுக்கு நடுவே எலும்புச் சிமென்ட் வைத்துச் செய்த தகடு ஒன்றைப் பொருத்தி, முதுகுத் தசையை முன்னால் திருப்பி மூடினார் டாக்டர்.

"நம்ம பட்டி வேலைதான், டாக்டர்."

"உங்க பட்டி மூச்சு விடாது. இது விடணும். வீங்கினா உடனே வாங்க."

வீட்டில் மனைவி முன்னால் அவர் சட்டையைக் கழற்றவே இல்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தானே கட்டு மாற்றினார்.

"உள்ள என்ன, பெயின்டா காயுது?" என்பாள் அவள், வெளியே நின்று.

ஒரு காலை அந்த இடம் பொம்மென்று வீங்கியிருந்தது. பூசிய பட்டி சீக்கிரமே உப்பினால், அடியில் துரு மிச்சமிருக்கிறது என்று பொருள். கட்டி திரும்பிவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். யாரிடம் சொல்ல? தொளதொளவென்று ஒரு சட்டை தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெளியூரில் இன்ஜினியராக இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "வீக்கம் ஏதும் இருக்காப்பா?"

"ஷோரூம் வண்டி மாதிரி இருக்கேம்மா."

அடுத்த வாரம் சாப்பிடும்போது சட்டையில் ஈரம் பரவியதை மனைவி பார்த்துவிட்டாள்.

"கழட்டுங்க."

"டீ சிந்திடுச்சு."

"டீ உள்ளேருந்தா ஊறும்? கழட்டுங்க."

"உனக்கு அருவருப்பா இருக்கும்."

"இத்தன வருஷம் உங்க கிரீஸ் சட்டையத் தோச்சவளுக்கா?"

பொத்தான்களை அவளே கழற்றினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நன்றாகப் பார்த்தாள்.

"அசிங்கமாத்தான் இருக்கு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

கட்டி திரும்பவில்லை. தசைக்கடியில் நீர் கோத்திருந்தது. இந்த ஆபரேஷனில் அது சகஜம். ஆனால் இத்தனை நாளில் சீழ் பிடித்துத் தகடு வரை போய்விட்டது. எடுத்தே ஆக வேண்டும்.

"மொதல் நாளே வந்திருந்தா ஊசியால நீரை உறிஞ்சி எடுக்கறதோட முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். திட்டவில்லை. டிங்கர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் அன்றே ஓடி வந்தாள். "கேட்டேனேப்பா. ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."



தகட்டை எடுத்த பிறகு, மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்த இடம் உள்ளே அமுங்கியது. சீழும் அடங்கவில்லை. அதிக நாள் அவர் உயிரோடு இல்லை. அதுவரை கட்டு மாற்றியது மனைவிதான். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். திறக்கச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.