என் வீட்டுக்கு வந்த வண்டிகள்

எங்கள் குடியிருப்பின் வாசலில் கேமரா மாட்டியபோது எல்லோரையும் போல எனக்கும் சந்தோஷம்தான். சேலத்தில் கடைவீதிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். துணி எடுக்க வருகிறவர்கள், நகை பார்க்க வருகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் கீழ்த்தளத்தில் காரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேலை முடிந்து களைத்துப்போய் வரும் நான், என் இடத்தில் நிற்கிற யாரோ ஒருவரின் காரைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியிருக்கும். கேமரா வந்தபிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வண்டி வாசலுக்கு வந்தால் கேமரா நம்பர் பலகையைப் படிக்கும். குடியிருப்பவர் வண்டியாக இருந்தால் தடுப்புக் கம்பி தானாக மேலே போகும். வெளி வண்டியாக இருந்தால், எந்த வீட்டுக்கு என்று கேட்டு வாட்ச்மேன் அழுத்த, அந்த வீட்டுக்காரரின் போனில் மணி அடிக்கும். ‘அனுமதி’ என்பதைத் தொட்டால் கம்பி உயரும்.

அது வண்டிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதையும் சொன்னார்கள். நினைவில் வைத்துக்கொண்டால் என்ன, வைத்துக்கொள்ளட்டுமே என்று இருந்துவிட்டேன்.

நான் தனியாக இருப்பவள். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, அந்த வாழ்க்கை சரிப்படாமல் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. இந்த வீடு என் சம்பளத்தில் வாங்கியது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும், வரட்டும்.

என் தம்பி திருச்செங்கோட்டில் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கிறான். பழைய கார் வாங்கி விற்கிற தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவனுக்குச் சொந்தமாக ஒரு காரும் கிடையாது, ஆனால் கார் இல்லாத நாளும் கிடையாது. ஒரு வண்டியை வாங்கினால் விற்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவன் கொள்கை. ஊருக்குள் நாலு சுற்று சுற்றினால் ஒன்றும் தெரியாதாம். மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் வந்து, டிராபிக்கில் நின்று நகர்ந்து திரும்பினால்தான் வண்டியின் குணம் தெரியுமாம். அப்படி ஓட்டிப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும். சாக்கு நான்.

ஈரோட்டு நம்பரில் ஒரு நாள் வருவான், கோயம்புத்தூர் நம்பரில் ஒரு நாள், பெங்களூரிலிருந்து வந்த கர்நாடகா நம்பரில் ஒரு நாள். காலையில் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, என்னைக் கம்பெனியில் இறக்கிவிட்டுப் போவான். வரும்போது ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்காமல் வரமாட்டான். நான் பிரிந்து வந்த நாளிலிருந்து இப்படித்தான். “அக்கா எப்படி இருக்கறீங்க” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பின்சீட்டில் உட்கார வைத்து, இந்த வண்டி குலுக்குகிறதா என்று மட்டும் கேட்பான். அவன் கேட்பது எனக்குப் புரியும்.

கேமராவுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? அதற்கு ஆள் தெரியாது, நம்பர்தான் தெரியும். ஆயுத பூஜை அன்றைக்கு அதுவும் தெரியாமல் போனது. எல்லா வண்டியும் நம்பர் பலகையில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மேலே சாமந்தி மாலையோடு வந்து நிற்க, கம்பி அசையவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் காரே முதல் ஆளாக மாட்டிக்கொண்டது. வாட்ச்மேன் துண்டால் சந்தனத்தைத் துடைக்கப்போக, சாமி காரியத்தைத் துடைக்கலாமா என்று செயலாளரின் மனைவி காருக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். கடைசியில் கம்பியை நாள் முழுக்கக் கையால் தூக்கிக் கட்டிவைத்தார்கள். பால்கனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதற்கு அப்புறம்தான் லிப்டில் பேச்சு குறைந்தது. நான் ஏறினால் இரண்டாம் மாடி அம்மாள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். காய்கறி வண்டிக்காரரிடம் நிற்கும்போது, “உங்களுக்கென்ன, விருந்தாளிங்க வந்துட்டே இருக்காங்க” என்று ஒருத்தி சொன்னாள். தம்பி கொண்டுவரும் முறுக்கை மனதில் வைத்துத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்து, அடுத்த தடவை தருகிறேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கேமராவின் மென்பொருள் மாதக் கடைசியில் ஒரு அறிக்கை போடுமாம். எந்த வீட்டுக்கு எத்தனை வெவ்வேறு வெளி வண்டிகள் வந்தன, எவ்வளவு நேரம் நின்றன என்று வரிசைப்படுத்தித் தருமாம். அதில் என் வீடு எல்லோருக்கும் மேலே, சிவப்பு எழுத்தில் இருந்தது. தனியாக இருக்கிற பொம்பளை, விதவிதமான கார், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். சங்கத்தின் பொறுப்பாளர்கள் நாலு பேர் அதைப் பார்த்தார்கள், நாலு வீட்டுக்கும் அது போனது, பிறகு அது எங்கே போனது என்று கேட்கவா வேண்டும்.

இதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரிய வந்தது ஒரு காலை நேரத்தில். தம்பி வருகிறேன் என்று சொல்லியிருந்தான். போனில் மணி அடிக்கவில்லை, ஆனால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் வேர்த்து, முறுக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார் எங்கே என்றேன். ரிப்பேர் என்றான். பழைய கார் விற்கிறவனுக்குப் பொய் சொல்ல நன்றாக வரும் என்று ஊரில் நினைக்கிறார்கள். என் தம்பிக்கு என்னிடம் ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. இரண்டு தெரு தள்ளி, மாரியம்மன் கோயில் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். போன தடவை வந்தபோதே வாட்ச்மேன் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

“இனிமே நடந்தே வாரனுங்க்கா. இல்லீன்னா கொஞ்ச நாளைக்கு வராம இருக்கறன். உங்க பேரு கெட வேண்டாமுங்க” என்றான்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. என் புருஷன் வீட்டிலிருந்து நான் ஒரு பையோடு கிளம்பிய அன்று, வாசலில் காரை நிறுத்தி ஆரன் அடித்தவன் இவன். அன்றைக்குப் பத்துப் பேர் பார்க்க வந்து நின்றவனை, ஒரு கம்பி இரண்டு தெரு தள்ளி ஒளிந்து வரவைத்துவிட்டது. காப்பி போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். வாசலுக்கு வந்ததும் என் போனில் மணி அடித்தது, காருக்குள் உட்கார்ந்தே அனுமதி கொடுத்தேன். கம்பி உயர்ந்தது. அதன் பிறகுதான் காப்பி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். பார்க்கிங் ஒழுங்கு பற்றி என்று போட்டிருந்தார்கள். என் வீட்டுக்கு வெளி வண்டி விடுவதை நிறுத்தி வைப்பது என்று தீர்மானம் தயாராக இருப்பதாகக் காதில் விழுந்தது. தம்பி தானும் வந்து, அந்த வண்டிகளில் வந்தவன் நான்தான் என்று சொல்லிவிடுவதாகக் கெஞ்சினான். ஆர்.சி. புத்தகங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான், பாவம். கீழே காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே போனேன்.

செயலாளர் ஆத்தூர்க்காரர், ஜவ்வரிசி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மடிக்கணினியை ஒரு நாற்காலியில் வைத்து, என் வீட்டுக்கு வந்த வண்டிகளின் நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தார். எந்த ஊர் நம்பர் என்பதையும் சேர்த்தே படித்தார். கர்நாடகா என்றபோது பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, இவங்கள்லாம் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சு போச்சு. குடும்பம் இருக்கற எடம். உங்க நல்லதுக்குத்தான் கேக்கறோம்.”

ஒரு வார்த்தைதான். தம்பி என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எல்லோரும் அடடா என்று சிரித்திருப்பார்கள், இரண்டாம் மாடி அம்மாள் என் கையைப் பிடித்திருப்பார், நானும் முறுக்கு கொடுத்திருப்பேன். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தம்பி என்பதால் நான் நல்லவள் என்றால், நாளைக்குத் தம்பியல்லாத ஒருவர் வந்தால் நான் யார்? என்னோடு வேலை செய்கிறவர் வரலாம், என் வக்கீல் வரலாம், எனக்கே பிடித்துப்போய் ஒருவர் வரலாம். ஒவ்வொருவருக்கும் இந்த மொட்டை மாடியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நான் இந்த வீட்டை வாங்கவில்லை.

“வாரவங்க யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரிஞ்சா போதுமுங்க” என்றேன். “அந்தப் பொட்டிக்குள்ள உங்க ஊட்டு வண்டியும் இருக்குதுங்களா? எல்லார் ஊட்டு வண்டியும் இருக்குதுங்களா? இருந்தா அதையும் படிங்க. எந்நேரம் போச்சு, எந்நேரம் வந்துச்சு, எல்லாத்தையும் கீழ் ஊட்டுல இருந்து ஒவ்வொண்ணாப் படிங்க. கேட்டுட்டு நானும் சொல்றனுங்க.”

மூன்றாம் மாடிக்காரர் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடி அம்மாள் தன் புருஷனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார், அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதுவரை அந்தப் பெட்டி என் வீட்டை மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறது என்பது போலத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொருவர் மெதுவாக, வெயில் ஏறுகிறது, அடுத்த விஷயத்துக்குப் போகலாமே என்றார். தீர்மானம் வாசிக்கப்படவே இல்லை. போர்வெல் மோட்டார் பற்றிப் பேசிக் கலைந்தார்கள்.

கீழே இறங்கி வந்தபோது தம்பி காருக்குள் ஏ.சி.யைப் போடாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சங்கம் சும்மா விடுமா? கொஞ்ச நாளில் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தார்கள். அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ‘உறவு’ என்று ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பினால்தான் அனுமதியைத் தொட முடியும். பொதுவான விதிதான், எல்லா வீட்டுக்கும்தான் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அது எந்த வீட்டை மனதில் வைத்துப் போட்டது என்று வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும்.

முதல் தடவை மணி அடித்தபோது தம்பி புதுச்சேரி நம்பர் வெள்ளைக் காரில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் ஆரன் அடித்தன. என்னை அறியாமல் என் விரல் ‘த’ என்று அடித்துவிட்டது. அதை அழித்தேன். ‘சொல்ல மாட்டேன்’ என்று அடித்து, அனுமதியைத் தொட்டேன். மென்பொருளுக்குக் கட்டத்தில் ஏதாவது எழுத்து இருந்தால் போதும்போல, கம்பி உயர்ந்துவிட்டது.

மேலே வந்த தம்பி என் போனை எட்டிப் பார்த்தான்.

“தம்பின்னு போட்டுட்டா சோலி முடிஞ்சுருமில்லீங்க்கா?”

“நீ என்ற தம்பிங்கறதுக்கு அந்தக் கம்பிகிட்டச் சாட்சி சொல்லோணுமா சாமி? முறுக்கை எடு, காப்பி ஆறுது.”

இப்போதும் அவன் வருகிறான், வாரத்துக்கு ஒரு நம்பரில். மாத அறிக்கையில் என் வீடுதான் இன்னும் முதல் இடத்தில், சிவப்பில் இருக்கிறது. உறவு என்ற கட்டத்துக்கு நேராக மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்தான். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படிக்கட்டும்.