ஏறிக்கொண்டே இருந்த சிவப்புக் கோடு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் கைபேசியை என் முன்னால் நீட்டினான். வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்ததையெல்லாம் ஒரே கம்பெனிப் பங்கில் போட்டிருக்கிறான், விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. "தினம் விலை ஆடத்தாம்மா செய்யும். இருநூறு நாள் ஆவரேஜ் பாரு, இன்னும் மேலதான் போவுது" என்றான். இதற்கு முன் எத்தனை நாள் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். "அம்பது. ஏன்?" என்றான்.

எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். அப்பா தங்கவயல் சுரங்க வேலையை விட்டபின் பிரேசர் டவுனில் வாடகைக்கு வந்திருந்தோம். வேலையை விட்டதற்குக் கிடைத்த பணம் ஆனேக்கல்லில் வீட்டு மனையாக ஒரு சைட்டு வாங்குவதற்கென்று இருந்தது. ஒரு வருடம் பொறுத்தால் சைட்டை வாங்கி வீட்டையும் சேர்த்தே கட்டலாம் என்று சித்தப்பா அதை ஒரு கம்பெனிப் பங்கில் போடவைத்தார்.

சுவரில் கிராஃப் தாள் ஒட்டினார். பேப்பரில் வரும் விலையைப் பென்சிலால் குறிப்பது அவர் வேலை. கடைசிப் பத்து நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்துச் சிவப்பில் கோடு இழுப்பது என் வேலை. மறுநாள் பழைய நாள் ஒன்று கழியும், புதிய நாள் ஒன்று சேரும். பென்சில் கோடு மேலும் கீழும் குதிக்கும். சிவப்புக் கோடு நிதானமாக ஏறும்.

விலை விழத் தொடங்கியதும், கோடு மட்டும் எப்படி ஏறுகிறது என்று அம்மா சித்தப்பாவிடம் கேட்டுவிட்டாள்.

"தினசரி விலை குடிகாரன் மாதிரி அண்ணி, தள்ளாடும். சராசரிதான் அவன் வீட்டுக்குப் போற வழி."

"வழி இருந்தா அவன் ஏன் தம்பி சாக்கடையில வுழறான்?"

அப்பாகூடச் சிரித்தார்.

பிறகு சிவப்புக் கோடும் கீழே வளைந்தது. சித்தப்பா அன்றைக்கே புதுத் தாள் ஒட்டினார். "பாப்பா, இனிமே அம்பது நாளுக்குப் போடு" என்றார். போட்டேன். ஐம்பது நாளுக்கு முந்தைய விலை அன்றைய விலையைவிடக் குறைவு என்பதால் கோடு மறுபடி ஏறியது. சைட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "வேற ஆளு கேக்கிறாங்க, என்னா சொல்றீங்க?" என்றபோது, பங்கை விற்றுவிடலாம் என்று அப்பா எழுந்தார். சுவரைப் பார்த்தார். "கோடு ஏறுதே" என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கோடும் வளைந்தபோது இருநூறு நாள் வந்தது. இருநூறு நாள் கோடு சாய்ந்தபோது அந்தப் பங்கை வாங்க ஆளில்லை. ஆனேக்கல் சைட்டில் வேறு யாரோ அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அப்பா முட்டி மடங்க மறுக்கும்வரை யாரோ ஒருவருடைய கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். சித்தப்பா எங்கள் தெருவுக்கே வருவதில்லை. சுவரில் தாள் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

இருநூறு நாள் கணக்கைக் கொடுத்த அன்று அவர் எனக்குப் புதுச் சிவப்புப் பென்சில் வாங்கி வந்திருந்தார். "பத்துல ஆரம்பிச்ச, இப்ப எங்க வந்துட்ட பாரு" என்றார். நான் கணக்கில் தேறிவிட்டேன், அதனால்தான் நாட்களைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் அந்தப் பென்சிலைக் காட்டினேன்.