அப்பா தண்ணீரில் இறங்கிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் நகம் கடித்தாலும் ஏச்சு விழும், பயந்தாலும் ஏச்சு விழும். இரண்டையும் அப்பா கெட்ட பழக்கங்களாகவே நினைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் தனியாகக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் கடை போட்டவர் அவர். தன் மகள் கரப்பான் பூச்சிக்கும் இடிக்கும் அலறுவதை அவரால் ஏற்க முடியவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று, பாமன்கடைப் பக்கமிருந்த நீச்சல் தடாகத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். சனிக்கிழமைதோறும் மற்றப் பிள்ளைகள் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள். நான் முதல் படியில் கணுக்கால் நனைய நின்று அழுவேன். அப்பா கரையில் சப்பாத்துக் காலோடு நின்று, எல்லோருக்கும் கேட்கக் கத்துவார்.

"என்னத்துக்குப் பயம்? உன்ரை வயசிலை நான் கேணியிலை தலைகீழாப் பாய்ஞ்சனான்!"

அந்தக் கேணிக் கதை எனக்கு மனப்பாடம். சொல்லச் சொல்லக் கேணியின் ஆழம் கூடிக்கொண்டே போகும்.

நீச்சல் பழக்கிய மிஸ் பொறுமைசாலி. ஒருநாள் அவர் அப்பாவிடம் சிங்களத்தில், இவ்வளவு நன்றாக நீந்துகிறவர் அடுத்த கிழமை மகளோடு இறங்கினால் அவளுக்குத் தைரியம் வரும் என்றார். அப்பா இருமினார். வீட்டில் இதைக் கேட்ட அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கடையில் வேலை என்று அவர் தப்பியிருக்கலாம். ஆனால் வந்தார். அம்மா வாங்கிக் கொடுத்த நீல அரைக்காற்சட்டையோடு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு படியில் இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் படியோரக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பிறகு அசையவேயில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, எனக்கு நீந்தத் தெரியாது."

"அப்ப கேணி?"

"பாய்ஞ்சது சித்தப்பா. நான் அவரின்ரை உடுப்பை வச்சுக்கொண்டு கரையிலை நிண்டனான்."

"பயமா இருக்கா அப்பா?"

"ஓம். என்ரை கையை விட்டிடாதை."

அப்பா என்னிடம் இப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கையைப் பிடித்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்று ஒவ்வொரு படியாக நானே முதலில் இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில் நின்று இருவரும் ஒன்றாக முகத்தை முக்கினோம். அப்பா மூக்கால் தண்ணீர் குடித்துத் தும்மினார். மிஸ் கை தட்டினார். நானும் தட்டினேன்.

திரும்பும்போது மழை. காலி ஊருக்குப் போகும் பெரிய வீதியில் வாகனங்கள் முட்டி நிற்க, எங்கள் முச்சக்கரவண்டியும் நின்றுவிட்டது. ஈரத் தலையோடு அப்பாவில் சாய்ந்திருந்த நான், பள்ளிக்கூட வான் வண்டியில் வரும் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி என்னைத் தினமும் கிள்ளுவதையும், என் சாப்பாட்டை யன்னலால் எறிவதையும், அதற்குப் பயந்துதான் காலையில் வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வதையும் சொல்லிவிட்டேன். மாதக்கணக்காக அம்மாவிடம்கூடச் சொல்லாத விடயம்.

'திருப்பிக் கிள்ளத் தெரியாதா' என்ற ஏச்சுக்குக் காத்திருந்தேன். அப்பா என் கையைத் திருப்பி, கன்றியிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா நொந்ததோ?" என்றார். பிறகு, "என்ன செய்யிறதெண்டு எனக்கும் உடனை தெரியேல்லை. அம்மாவோடை கதைச்சுப் பாப்பம்" என்றார்.

திங்கட்கிழமை இருவரும் என்னோடு வாசலுக்கு வந்து வான்காரரோடு கதைத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு முன் இருக்கை. அந்த அக்காவின் தாயோடும் அம்மா தொலைபேசியில் கதைத்தார். கிள்ளல் நின்றது. அந்த வருடமே நான் நீந்தப் பழகினேன். அப்பா கடைசிவரை கம்பியை விடவில்லை.

அத்தனை மாதம் மறைத்ததை அன்றைக்கு மட்டும் ஏன் சொன்னாய் என்று அம்மா பிறகு கேட்டார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "மழை அம்மா. ஓட்டோ நிண்டிட்டுது. சும்மா இருக்க அலுப்பாக் கிடந்தது" என்றேன். அதுதான் காரணம் என்று உண்மையாகவே நம்பினேன்.