ஞாயிறு மாலை ஆறு மணி ஃபோன்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனுஷருக்குக் கம்பெனியில் வைத்த பெயர் ‘உஷார்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பட்டப்பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைப்பார். அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானை மாட்டுவார். ‘உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே’ என்று அட்டை தொங்கவிடுவார். இத்தனையும் முடித்துவிட்டு வாட்ச்மேனிடம் போய், “நான் உள்ள இறங்கறேன். அரை மணியில வரலைன்னா வந்து பாருங்க,” என்பார். ‘சரி சார்’ என்றால் விடமாட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். பாதி வாட்ச்மேன்கள் இவர் தலையைக் கண்டதுமே பாத்ரூம் பக்கம் நழுவிவிடுவார்கள்.

“உஷாரு தூங்கும்போதுகூட ஹெல்மெட் போட்டுட்டுத்தான் தூங்குவாரு,” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு தையல் விழவில்லை. சிரித்தவர்களில் ஒருத்தருக்கு இரண்டு விரல் இல்லை.

உடம்பில் காயமில்லை, சரி. மனுஷருக்குக் கோபம் மட்டும் மூக்குக்கு மேலேயே குடியிருந்தது. பொண்டாட்டி ஆறு வருஷம் தாக்குப்பிடித்தாள். கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா, ஏன் ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறாதா என்று தினமும் பாட்டு. ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, “உங்ககூட இருந்தாலும் நான் தனியாத்தான் இருக்கேன். அதுக்குத் தனியாவே இருந்துட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பிறகு கேஸையும் கதவையும் அவரே பார்த்துக்கொண்டார். கத்துவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அதுதான் அவரை ரொம்ப வாட்டியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருந்தால் ஓசியில் பழுது பார்க்கச் சொல்வார்கள் என்று தேடிப் பிடித்தாராம். சாயங்காலம் படியேறி வந்து விளக்கைப் போட்டால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். யாராவது அதை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும் அவருக்கு.

அந்தக் காலத்தில்தான் காட்டுக்குப் போகும் பழக்கம் தொற்றிக்கொண்டது. வருஷத்துக்கு மூன்று தடவை, வியாழக்கிழமை காலை முதுகில் பையோடு கிளம்பி, மலைக்காட்டில் மூன்று ராத்திரி கூடாரத்தில் தங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி பாவமாகப் பார்ப்பாள். காட்டுக்குத் தனியாகப் போய் வந்தால் அதே பக்கத்து வீட்டுக்காரி, “அடேங்கப்பா, பயமா இல்லையா உங்களுக்கு!” என்பாள். எப்படியும் தனியாக இருக்கப்போகிறோம், கொஞ்சம் மரியாதையோடு இருப்போமே என்பது அவர் கணக்கு.

போவதற்கு ஒரு வாரம் முன்பே முன்னறை பூராவும் சாமான் பரப்பிவிடுவார். கூடாரம், சின்ன கேஸ் அடுப்பு, வரைபடம், திசைகாட்டி, மழைக்கோட்டு, கட்டுத்துணி, மாத்திரை, விசில். ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன்மேலேயே ஒட்டுவார். டார்ச் இரண்டு, தீப்பெட்டி இரண்டு, கத்தி இரண்டு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று. ஆள் மட்டும் ஒன்றுதான்.

அதற்கும் அவர் வழி செய்திருந்தார். காட்டுக்குள் ஃபோன் எடுக்காது. அதனால் எந்தப் பாதையில் போகிறார், எங்கே தங்குகிறார் என்று ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, காட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளுக்கு ஃபோன் வரும். எட்டு மணி வரைக்கும் வராவிட்டால், அவள் வன அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. தங்கை நாற்பத்து நாலு வயசுக்காரி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளை அவர் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

“பாப்பா, வந்துட்டேன்.”

“சரிண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒன்றும் கிடையாது. அந்த ஃபோனுக்காக அவள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. ஓடையோரம் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். வாசலை நெருங்கும்போது மணி எட்டரை. அதற்குள் வனக்காவலர் நாலு பேரைத் திரட்டிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரும் டார்ச்சுமாகப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். எதிரே நம்ம ஆள் ஜம்மென்று நடந்து வருகிறார். “என்ன சார், நல்லா தூங்கினீங்களா?” என்று ஒருத்தன் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உஷாருக்கே உஷார் தப்பிவிட்டது என்றால் மானம் போகாதா? போன மானத்துக்குப் பழி தங்கைமேல். வாசலுக்கு வந்ததும், அந்த நாலு பேர் காதுபடவே ஃபோனைப் போட்டுக் கத்தினார்.

“உனக்கு என்ன அப்படி ஒரு அவசரம்? எட்டு அடிச்சா உடனே ஊரைக் கூட்டிடுவியா? நான் என்ன கைக்குழந்தையா? இனிமே நான் வரலைன்னா முழுசா ஒரு நாள் கழிச்சுச் சொல்லு. அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தே, அப்புறம் அண்ணன்னு என் மூஞ்சில முழிக்காதே!”

“சரிண்ணா,” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்தார். காலையில் எழுந்தபோது கோபமும் இல்லை, சொன்ன வார்த்தையும் ஞாபகமில்லை. சொன்னவனுக்கு மறந்துபோகும். கேட்டவளுக்கு மறக்குமா?

அதற்குப் பிறகு ஐந்து தடவை போய் வந்தார். ஐந்து தடவையும் ஆறு மணிக்கு டாண் என்று ஃபோன் போனது. ஆறாவது தடவைதான் வினை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். ஓடைக்கு மேலே பாறைச் சரிவில் குறுக்காக நடந்துகொண்டிருந்தார். வழக்கம்போலக் கைத்தடியால் தட்டிப் பார்த்துத்தான் காலை வைத்தார். தட்டியபோது அசையாத கல், எண்பது கிலோ ஏறியதும் புரண்டது. கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவர் காதுக்கே கேட்டது. “ஐயோ அம்மா!” என்று அலறினார். பறவை இரண்டு பறந்து போயின. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததெல்லாம் அப்பழுக்கில்லாத வேலை. காலை மெதுவாக விடுவித்துக்கொண்டார். கூடாரத்தின் குச்சி இரண்டை இருபுறமும் வைத்து டேப் சுற்றிக் கட்டினார். பின்னால் தவழ்ந்து போய் ஒரு பாறை நிழலில் சாய்ந்து, கூடாரத் துணியை வெளியில் தெரிகிற மாதிரி விரித்தார். மணிக்கொரு தடவை மூன்று விசில் ஊதினார். தண்ணீர் ஒன்றரை லிட்டர் இருந்தது. ஓடை கீழே சலசலவென்று ஓடுவது கேட்டது. இருபது அடிதான், ஆனால் செங்குத்தான பள்ளம். இறங்கினால் ஏறமுடியாது, மேலே இருந்து பார்த்தால் ஆளும் தெரியாது. இறங்க வேண்டாம் என்று முடிவு செய்தார். ஞாயிறு எட்டு மணிக்கு பாப்பா சொல்லிவிடுவாள், ராத்திரியில் இந்தச் சரிவுவரை ஏற முடியாது, திங்கள் விடிந்ததும் கிளம்புவார்கள், பத்து மணிக்குள் வந்துவிடுவார்கள். திங்கள் பத்து மணி வரைக்கும் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டார்.

ஞாயிறு முழுக்க அவர் பயப்படவில்லை. வலித்தது, காய்ச்சல் அடித்தது, ஆனால் மனசு ஒரு நிலையில் இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கள் விடிந்தது. எட்டு மணிக்கே சட்டைப் பொத்தானைச் சரி பண்ணிக்கொண்டு விசில் ஊத ஆரம்பித்தார். பத்து ஆயிற்று. பதினொன்று. வெயில் பாறைக்கு இந்தப் பக்கம் வந்தது. கடைசி மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டுக்கும் ஆளில்லை. மறந்துவிட்டாளா? பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா? எங்கே தொலைந்தாள் இவள் என்று பல்லைக் கடித்தவருக்கு, அந்த நிமிஷம்தான், தன் குரல் தனக்கே கேட்டது. ‘முழுசா ஒரு நாள் கழிச்சுச் சொல்லு.’

வாயிலிருந்த தண்ணீர் தானாக உள்ளே இறங்கிவிட்டது.

அன்றைய பகலை அவர் பிற்பாடு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விசில் ஊத எச்சில் இல்லை, பள்ளத்தில் இறங்கிப் பார்க்கத் தெம்பும் இல்லை. கீழே ஓடுகிற தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டார். சாவதற்குக்கூட அவ்வளவு பயமில்லை, இத்தனை பெரிய உலகத்தில் இந்த நேரத்தில் தன்னை நினைக்கிற ஜீவன் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் நெஞ்சைப் பிடுங்கியது. பொண்டாட்டி போனபோது வராத அழுகை இப்போது வந்தது. கண்ணீர்கூட வரவில்லை, வெறும் விசும்பல்தான். எல்லோரையும் விரட்டியது யார்? நான்தானே, நானேதானே என்று பாறையிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் சத்தம் கேட்டது. வனக்காவலர்தான் முதலில் வந்தார். துணியை நனைத்து உதட்டில் வைத்தார், பிறகு மூடி மூடியாகத் தண்ணீர் கொடுத்தார். “இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கியிருக்க மாட்டீங்க சார்,” என்றார். ஆறு பேர் மாற்றி மாற்றி ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். ஒன்பது கிலோமீட்டர் இறங்க வேண்டியிருந்தது.

பாதி வழியில் அவருக்குப் பேச்சு வந்தது. “என் தங்கச்சி... ஃபோன் பண்ணாளா?”

“ஃபோனா? நேர்ல வந்தாங்க சார். நேத்து ராத்திரி மணி எட்டு அடிச்சதும் ஓட்டமா ஓடி வந்தாங்க. பாதை, தங்கற இடம் எல்லாம் எழுதின தாள் கையில இருந்துச்சு. அதை வெச்சுத்தான் நேரா இங்க வந்தோம்.” காவலர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு மனசு கேட்காமல், “நேத்து காலைல ஃபர்ஸ்ட் பஸ்ஸுலயே வந்துட்டாங்க போல. பஸ் ஸ்டாப் சுவருக்குப் பின்னாடி ஒரு அம்மா பகல் பூரா உக்காந்திருந்தாங்க. காட்டுப் பாதையையே பாத்துட்டு. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காங்கன்னு நெனச்சேன். ஏன்மா அப்பவே வந்து சொல்லலன்னு கேட்டேன், அந்தத் தாளைத்தான் மறுபடி நீட்டினாங்க,” என்றார்.

திங்கள் பகல் முழுக்க யாரும் இல்லை என்று அவர் பாறையிடம் விசும்பிக்கொண்டிருந்தபோது, அவள் இந்த மலையின் அடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்தில் தங்கை நின்றாள். தலை கலைந்து, கண் இரண்டும் சிவந்து, காலில் செருப்புகூட ஜோடியாக இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கிட்டே வரவில்லை.

“நேத்தே வந்துட்டியா பாப்பா?” என்றார்.

“ஆமாண்ணா.”

“அப்ப ஏம்மா உடனே உள்ள போய்ச் சொல்லல?”

அவள் காவலரையும் தூக்கி வந்த ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு நாள் கழிச்சுத்தான் சொல்லணும்னு சொன்னியே. நீ பாட்டுக்கு நடந்து வந்துட்டா, என்னை இங்க பாத்துட்டு எல்லார் முன்னாடியும் மறுபடியும் திட்டுவியோன்னு... அதான் சுவருக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டேன். எட்டு மணிக்கு ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணலண்ணா. சத்தியமா.”

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவர் கையை அவள் பக்கமாகத் தூக்கினார். தங்கை சட்டென்று ஓர் அடி பின்னால் போனாள்.

“திட்டலைம்மா,” என்றார். “கிட்ட வா.”