லாபிஸிலிருந்து ஓர் அயோடின் மாத்திரைக்காக

ஊர் சுற்றிய கதை என்று நினைத்து இங்கே வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் ஜொகூர் பாருவுக்குப் போனது ஒரே ஒரு மாத்திரை விழுங்க. போன வருடம் என் தைராய்டு சுரப்பியைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச உயிரணுக்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதற்குத் தனி அறை வேண்டும். அது கிடைக்கவே மூன்று மாதம் காத்திருந்தோம். இதே பயணத்துக்குக் கிளம்பப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கஷ்டம் சாலையில் இல்லை, அடுப்படியில்தான். தைராய்டு உயிரணுவுக்கு அயோடின் என்றால் உயிர். இரண்டு வாரம் அதைப் பட்டினி போட்டால்தான் மருந்தை ஆசையாக இழுத்துக்கொள்ளும். பட்டினி சரியாகப் போடாவிட்டால் தேதியைத் தள்ளிவிடுவார்கள். அதனால் அயோடின் கலந்த பாக்கெட் உப்பு கிடையாது, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பாலில் எங்கிருந்து அயோடின் என்று சண்டைக்குப் போனேன். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கிறார்களாம், மடி துடைக்கும் மருந்திலும் இருக்கிறதாம். காயத்துக்குப் போடும் பழுப்பு மருந்து, ஸ்கேன் எடுக்கும்போது ஊசியில் ஏற்றும் திரவம், எங்கே திரும்பினாலும் இவர்தான்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு லாபிஸில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். வீட்டுக்காரர் ஓட்ட, நானும் நான்கு வயது மகள் இனியாவும் பின்னால். யோங் பெங் வந்து நெடுஞ்சாலை பிடித்தால் மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். பெட்ரோல் போக வர ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), டோல் ஒரு வழிக்குப் பதினைந்து வெள்ளிக்குள். மச்சாப் ஓய்விடத்தில் வீட்டுக்காரர் நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார். நெத்திலி வாசனைக்கு முதுகு தடையா என்ன? எனக்கு வந்த கோபத்தில் பாதி பசி.

அன்று இரவு ஜொகூர் பாரு தம்போயில், அவர் தங்கை சுமதி வீட்டில் தங்கினோம். நான் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து இனியாவை ஒரு வாரம் அவள்தான் வைத்துக்கொள்ளப் போகிறாள். கதிர்வீச்சு குறையும்வரை நான் குழந்தையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்கவைக்கக் கூடாது. சுமதி எனக்கென்று தனியாகச் சமைத்திருந்தாள். கங்கோங் கீரைப் பிரட்டலை ஒரு வாய் வைத்தேன். இரண்டு வாரத்தில் முதல்முறையாக நாக்குக்கு உயிர் வந்தது. விழுங்கிய பிறகுதான் மூளைக்கும் வந்தது.

"சுமதி, இதுல என்ன போட்ட?"

"உப்பே போடல அண்ணி, சத்தியமா. ருசிக்குக் கொஞ்சம் பிளாச்சான் மட்டும்தான்."

"அலமாக்!" என்றார் வீட்டுக்காரர். "பிளாச்சான் எறாலுல செய்றதுலா!"

"மீனுதானே கூடாதுன்னீங்க அண்ணே?" என்று சுமதி அழத் தொடங்கினாள். குறை சொல்லவும் முடியாது. நம் வீடுகளில் பிளாச்சானை யார் கடல் உணவாக நினைக்கிறார்கள்? மிளகாய், வெங்காயம் போல அதுவும் மசாலா டப்பா ஆள். இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமோ என்று நானும் அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் வெறும் சோற்றைச் சாப்பிட்டோம். தனக்கு வைத்திருந்த மீன் குழம்பை அவள் தொடவே இல்லை. என் நாத்தனாரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று ரொம்பவே பிடித்தது.

காலையில் மருத்துவமனையில் முதல் வேலையாக உண்மையைச் சொன்னேன். மருத்துவர் சிரித்துவிட்டார். "ஒரு வாய்தானே? பரவாயில்லம்மா, இன்னிக்கே கொடுத்திடலாம். சொன்னீங்களே, அதான் முக்கியம். தினமும் சாப்பிட்டிருந்தா கண்டிப்பா தள்ளி வச்சிருப்பேன்."

கனத்த ஈயக் குடுவையிலிருந்து மாத்திரை வந்தது. கொடுத்தவர் கதவருகே போய் நின்றுகொண்டார். விழுங்கினேன். ஒன்றுமே தெரியவில்லை, இதற்கா இத்தனை அமர்க்களம் என்று இருந்தது. அறைக்குள் நான் மட்டும், கதிரியக்கம் ஒட்டாமலிருக்க பிளாஸ்டிக் சுற்றிய கைப்பேசியோடு. கைப்பேசித் திரை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சுமதி வீட்டுக்காரர் ஒன்று சொல்லியிருந்தார்: அந்தத் திரைக்குள் இருக்கும் மெல்லிய படலத்திலும் அயோடின் உண்டாம். இனியா அதில் வந்து வாயைக் குவித்து முத்தம் கொடுத்தாள். என்னை அவளிடமிருந்து பிரித்து வைத்ததும் இந்த அயோடின், அவளைக் காட்டியதும் இதே அயோடின். யாரைத் திட்டுவது?

மூன்றாம் நாள் விட்டார்கள். வீட்டுக்காரரை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, பின் இருக்கையின் இடது மூலையில் உட்கார்ந்தேன். மச்சாப்பில் நிற்கவில்லை, பொதுக் கழிப்பறையைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியில் அவர் அடிக்கடி என்னைப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: திரும்ப எடுத்துவர முடியாமல் போனாலும் பரவாயில்லை என்ற துணிகளையே கொண்டுபோங்கள். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். சமைப்பவரிடம் பிளாச்சான், சிப்பிச் சாறு, மீன் சாறு என்று பெயர் சொல்லித் தடுங்கள். தவறிச் சாப்பிட்டால் மறைக்காதீர்கள். குழந்தையைத் தூக்கும் நாளை மருத்துவரிடமே கேளுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும்.

எனக்குச் சொன்ன நாள் முடிந்ததும் சுமதி இனியாவை லாபிஸுக்குக் கூட்டி வந்தாள். ஓடி வருவாள் என்று கையை விரித்து நின்றேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவுக்குள் விளக்கு எரிகிறது, அது அணைந்ததும் தூக்குவாள் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. மெல்ல உள்ளே வந்து, என் விரலைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனாள். நாற்காலியில் ஏறி விளக்கை அணைத்து, திரைச்சீலையையும் மூடினாள். இருட்டில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எரியல," என்றாள். அப்புறம்தான் தாவினாள்.