என் பெயரில் திறந்த கணினி

சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு மதிய நேரம். திண்டிவனத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கொள்முதல் கிளையில் நான் வேலை பார்த்தேன். தலைமை அலுவலகம் விழுப்புரத்தில். பத்தாவது வரைக்கும்தான் படித்தவன் நான். ஆட்களின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும்தான் என் வேலை. அது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து நேரம். வாசலில் மூட்டை லாரிகள் நிற்கும். உள்ளே மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றின் மேலும் செம்மண் தூசி படிந்திருக்கும். அந்த வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

பிள்ளைகளே, உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். அந்த வருடம்தான் கம்பெனியில் காகிதக் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு மென்பொருளுக்குள் போட்டார்கள். அசல் காகிதங்கள் கட்டுக் கட்டாகச் சென்னைக் கிடங்குக்குப் போய்விட்டன. எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் கணினியில் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும். எங்கள் கிளை ஆட்களின் கோப்புகளைத் திறக்கும் அனுமதி எனக்குத்தான் வந்தது. தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த மதியம்வரை அதைப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

எங்கள் லாரி ஓட்டுநர்களில் ஒருவர் கோட்டக்குப்பத்துக்காரர். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டில் கனரக வண்டி ஓட்டும் வேலைக்கு அன்று விழுப்புரத்தில் ஆள் எடுத்தார்கள். பாய் போய் முதல் சுற்றில் தேறிவிட்டார். ஆனால் இத்தனை வருடம் இங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாக, சேர்ந்தபோது கம்பெனி கொடுத்த உத்தரவு வேண்டும், சாயங்காலத்துக்குள் கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அவர் கையில் இருந்த நகல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது கூழாகிப் போயிருந்தது. பஸ் பிடித்து ஓடி வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணே, ஜல்தியா அந்த ஆர்டர மட்டும் எடுத்துக் குடுண்ணே. அடுத்த பஸ்ஸுக்குப் போய்ட்டேன்னா புடிச்சிடலாம்."

கணினிக்குப் போய் என் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன். தவறு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தேடி மறுபடியும் போட்டேன். அதே சிவப்பு. இன்னும் ஒரு தடவை போட்டதும் கணக்கே பூட்டிக்கொண்டது. நம் படிப்புக்கு இதெல்லாம் ஆகாது, பாவம் இந்த மனிதனின் வேலையும் நம்மால் கெடப் போகிறது என்றுதான் தோன்றியது.

உதவிக்கென்று கொடுத்திருந்த எண்ணுக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். சின்ன வயதுக் குரல். நான் எடுத்த எடுப்பிலேயே, "எனக்குப் படிப்பு கம்மிம்மா, ஏதோ தப்பா அடிச்சிட்டேன் போல" என்றேன்.

"தப்புன்னு இன்னும் தெரியாதுல்லங்க சார். பார்த்துட்டு சொல்லலாம்" என்றார் அவர்.

முதலில் கணக்கின் பூட்டை எடுத்துவிட்டார். பெரிய எழுத்துக்கான விளக்கு எரிகிறதா என்று கேட்டார். கடவுச்சொல்லில் இருப்பது சுழியமா, ஓ என்ற எழுத்தா என்று பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. போட்டால் மறுபடி சிவப்பு. பாய் கதவுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். போனில் அந்தப் பக்கம் யாரோ, "சாப்பிட வர்றியா?" என்று கூப்பிடுவது கேட்டது. "நீங்க போங்கடி, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் என்னிடம் திரும்பினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். காலையில கம்ப்யூட்டர் ஆன் பண்றப்ப யாரு பேரு வரும்?"

"மேனேஜர் பேருதாம்மா. காலையில யாரு முன்னாடி வந்தாலும் அவர் பேர்லதான் தொறப்போம். நாள் பூரா எல்லாரும் அதுலதான் வேலை பண்ணிக்கினு இருப்போம்."

"உங்க பேர்ல ஒரு தடவைகூட தொறந்ததில்லையா?"

"இல்லியேம்மா. இருக்கறதே ஒரு கம்ப்யூட்டரு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அதாங்கண்ணா விஷயம்" என்றார்.

தற்காலிகக் கடவுச்சொல்லை முதல் தடவையிலேயே நாம் மாற்றியாக வேண்டுமாம். அப்படி மாற்றச் சொல்லிக் கேட்பது கணினியைத் திறக்கும்போது வரும் முதல் திரை மட்டும்தான். கோப்பு மென்பொருளுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. மாற்றாத கடவுச்சொல்லைப் பார்த்தால் தவறு என்று மட்டும் சொல்லும். தெருக்கதவு வழியாக ஒரு நாளும் வராதவன் உள்ளறைக் கதவைப் போய்த் தட்டியது மாதிரி ஆகியிருந்தது என் கதை. மேலாளரின் பெயரிலிருந்து வெளியே வந்து, என் பெயரில் கணினியைத் திறந்தால் சரியாகிவிடும் என்றார்.

ஆனால் அந்த ஒரே கணினியில்தான் எடைச்சீட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். அதை மூடினால் வரிசை அப்படியே நின்றுவிடும். மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"என்னய்யா வெளையாட்றியா? எடைமேடையில வண்டிய நிறுத்தி வச்சிக்கினு இப்ப மூடச் சொல்றியே!"

ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு லாரிக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா சார், இன்னிக்கு சீட்டு வருமா, இல்ல நாங்க இங்கியே வீடு கட்டிக்கினு குந்திக்கவா? சும்மா பேஜாரு பண்றீங்கோ."

மேலாளர் பாயைப் பார்த்தார். எங்கள் கிளையில் இரவு பகல் பாராமல் வண்டி எடுக்கிற ஆள் அவர். அவர் போய்விட்டால் முதலில் திண்டாடப் போவது மேலாளர்தான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"நீ போய்ட்டா என் வண்டிய யாருய்யா எடுப்பான்?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணு காலேஜுக்குப் போவணும்னு நிக்குது சார்."

மேலாளர் எழுந்து வந்து, போட்டுக்கொண்டிருந்த சீட்டை முடித்து, தன் பெயரைத் தானே மூடினார். "ஒக்காரு. சீக்கிரம் ஆவட்டும்" என்று தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போய் லாரிக்காரர்களுக்கு டீ சொன்னார்.

என் பெயரைப் போட்டேன். புதுக் கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கேட்டது. நான் வைத்ததை ஏற்கவில்லை. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். "என்ன வைக்கிறீங்கன்னு என்கிட்டகூட சொல்லாதீங்கண்ணா" என்றார்.

"பொண்டாட்டி பேர வச்சிடாதண்ணே, ஊரே கண்டுபுடிச்சிடும்" என்றார் பாய். அத்தனை பதற்றத்திலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். போனுக்குள் இருந்தவரும்தான்.

அடுத்த முறை கணினி திறந்தது. வரவேற்கிறோம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அத்தனை வருடம் அந்த அறையில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் திரையில் என் பெயரை அன்றுதான் பார்த்தேன். கோப்பு மென்பொருளும் எந்தத் தகராறும் செய்யாமல் உள்ளே விட்டது. உத்தரவை அச்செடுத்ததும் மேலாளர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். பாயை பஸ் நிற்கும் மேம்பாலம் வரைக்கும் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தார்.

பாய்க்கு அந்த வேலை கிடைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பு பிரியாணியோடு வந்து எங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கும் நன்றி சொல்லலாம் என்று அதே எண்ணுக்கு போன் செய்தேன். வேறொருவர் எடுத்தார். அன்று பேசியது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே என்று வெகுநாள் வருத்தமாக இருந்தது.

இப்போது அந்தக் கிளை இல்லை. மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் விழுப்புரத்துக்கு மாறி வந்துவிட்டேன். இங்கே ஆளுக்கொரு கணினி இருக்கிறது. ஆனாலும் மல்லாட்டை லாரி ஏதாவது கடந்துபோனால் அந்தத் தூசி அறையும், நானும் பாயும் ஒரே திரையையே பார்த்துக்கொண்டிருந்ததும் கண்முன் வந்துவிடுகின்றன. கணக்கு வரவில்லை என்று நீங்கள் அழுதுகொண்டே புத்தகத்தை மூடும்போது, கோபப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்க இந்த அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அதைக் கற்றுக்கொடுத்தது கடைசிவரை முகம் காணாத அந்தக் குரல்தான்.